‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக்குவோம்



ஆட்டிசம், ஏடிஹெச்டி, கற்றல் குறைபாடு உள்ள இளைஞர்கள் 18 வயதைக் கடந்தபின் பிறரோடு பழகித் தம் வாழ்க்கையைத் தாமே நடத்திக்கொள்ள எப்படிப் பயிற்சி தருவது என்பது இன்றைய பொருள். நரம்பியல் பன்மை என்று இவர்களைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. மூளை எல்லோருக்கும் ஒரே வார்ப்பில் அமைவதில்லை, அந்த வேறுபாடு மனித இனத்தின் இயல்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 1990-களில் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி வளர்த்தெடுத்த எண்ணம் அது. மருத்துவர்கள் கொடுத்ததில்லை.

சிறு குழந்தைகளைப் பற்றிப் பேச இன்று பலர் இருக்கிறார்கள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் எங்கே போவது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதற்கெல்லாம் ஓரளவு பதில் கிடைக்கிறது. எஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ போன்ற புத்தகங்கள் தமிழிலேயே வந்துவிட்டன. அந்தக் குழந்தைக்கு 22 வயதாகும்போதுதான் பேச்சு அடங்கிப்போகிறது. பள்ளி முடிந்திருக்கும். காலையில் வாசலில் வந்து நின்ற வேன் இனி வராது. பேச்சுப் பயிற்சியும் நின்றிருக்கும். வீட்டில் ஓர் அறை, ஒரு கைப்பேசி, வயதாகிக்கொண்டிருக்கும் அப்பா அம்மா. “எங்களுக்கு அப்புறம் இவனை யார் பாத்துப்பா?” என்ற கேள்வியை நான் கேட்காத பெற்றோர் கூட்டம் இல்லை.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழகும் திறன் என்ற பெயரில் நாம் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் பணிவுதான். வணக்கம் சொல், கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, குறுக்கே பேசாதே, பெரியவங்க சொன்னா கேளு. இதையெல்லாம் நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளையை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் இதை மட்டும் கற்ற ஒருவரால் ஒரு வாரம்கூடத் தனியாக வாழ முடியாது. தனியாக வாழ்பவருக்கு முதலில் வேண்டியது, வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் திறன். அடுத்தது, வேண்டியதைக் கேட்டு வாங்கும் திறன். மற்றவையெல்லாம் இவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

இந்தத் துறையில் உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு பயிற்சியிலிருந்து தொடங்குகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசன், ஃப்ரெட் ஃப்ராங்கெல் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியது. ‘பியர்ஸ்’ என்று பெயர். முதலில் பதின்வயதினருக்காக வந்தது. பிறகு இளைஞர்களுக்கும் விரிந்தது. வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், 16 வாரம். ஒரு அறையில் இளைஞர்கள் படிக்க, அதே நேரத்தில் அடுத்த அறையில் அவர்களுடைய பெற்றோரோ வேறு துணைவரோ அதே பாடத்தைப் படிப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகு அந்தத் துணைவர்தான் பயிற்சியாளர்.

இதில் எனக்குப் பிடித்தது இதன் நேர்மை. பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதிகளை லாகசன் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. நண்பர்களோடு நன்றாகப் பழகுகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, அதைப் படிப்படியாகப் பிரித்துப் பாடமாக்கினார். நான்கு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் போய்ச் சேருவது எப்படி? “போய் ஹலோ சொல்லி உன் பேரைச் சொல்லு” என்போம் நாம். அப்படிப் போய்ப் பெயர் சொல்பவரை நான்கு பேரும் விநோதமாகப் பார்ப்பார்கள். பழகத் தெரிந்தவர் அப்படிச் செய்வதில்லை. சற்றுத் தள்ளி நின்று, கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, பேச்சு எதைப் பற்றியது என்று காது கொடுப்பார். தனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தால் மெல்ல நெருங்குவார். ஓர் இடைவெளி விழும்போது அதே விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்வார். அவர்கள் இவர் பக்கம் திரும்பினால் நிற்பார், திரும்பாவிட்டால் நகர்ந்துவிடுவார். திரும்பாமல் போவது எல்லோருக்கும் அடிக்கடி நடப்பதுதான் என்பதும் பாடத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வரி எத்தனை பேரைக் காப்பாற்றும் என்பது, ஒதுக்கப்பட்டே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

கேலியைச் சமாளிப்பதும் அப்படித்தான். “கண்டுக்காதே”, “டீச்சர்கிட்ட சொல்லு” என்பது பெரியவர்களின் அறிவுரை. இரண்டும் வேலைக்கு ஆகாது என்பது கேலிக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் தெரியும். பேசாமல் இருந்தால் கேலி கூடும். சொல்லிக்கொடுத்தால் இன்னும் கூடும். ‘பியர்ஸ்’ சொல்வது, அசராத ஒரு சின்னப் பதில். நம் ஊர் வழக்கில் “அதுக்கென்ன இப்போ?” “சரி, அப்புறம்?” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது. இந்த இளைஞர்களுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பில் இதை நடித்துப் பழகும்போது அறையே கலகலவென்று ஆகிவிடும். எதிராளியாக நடிக்கும் பொறுப்பை இளைஞர்களுக்கே கொடுப்போம். எல்லா வகைக் கேலியும் அவர்களுக்கு மனப்பாடம்.

ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் எழுதிய பாடத்தை அப்படியே கொண்டுவந்து அண்ணா நகரிலோ ஆரப்பாளையத்திலோ நடத்த முடியாது. நம் ஊரில் எழுதாத விதிகள் வேறு. அவை நமக்கே தெரியாத அளவுக்கு நம் உடம்பில் ஊறியிருக்கின்றன.

“சாப்பிட்டாச்சா?” என்று ஒருவர் கேட்டால் “ஆச்சு” என்று சொல்லி நகர வேண்டும். காலையில் மூன்று இட்லி, ஒரு வடை, சாம்பார் கொஞ்சம் காரம் என்று முழு விவரமும் சொல்லும் இளைஞரை எனக்குத் தெரியும். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொன்னதற்காக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். “ஒரு நாள் வீட்டுக்கு வாங்க” என்று அலுவலக நண்பர் சொன்னதை நம்பி அந்த ஞாயிற்றுக்கிழமையே பழம் வாங்கிக்கொண்டு போய் நின்றவரும் உண்டு. “பார்க்கலாம்” என்றால் நம் ஊரில் பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம். “டைம் கிடைக்கும்போது இதைக் கொஞ்சம் பாருங்க” என்று மேலாளர் சொன்னால் உடனே செய்யச் சொல்கிறார். கல்யாண வீட்டில் “இப்ப என்ன சம்பளம் வாங்கறே?” என்று மாமா கேட்டால், அது சம்பளக் கணக்கு கேட்பது மட்டுமில்லை. இத்தனையும் யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. மற்றப் பிள்ளைகள் காற்றிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். நம் இளைஞர்களுக்கு ஒவ்வொன்றையும் உடைத்துச் சொல்ல வேண்டும், சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னொரு பெரிய பாடம். பேருந்து நடத்துநர் அண்ணா, வங்கியில் இருப்பவர் சார், மென்பொருள் நிறுவனத்தில் மட்டும் தலைமைப் பதவியில் இருப்பவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முப்பது வயதுப் பெண்ணை ஆன்ட்டி என்றால் கோபம் வரும். அறுபது வயதுக்காரரைத் தம்பி மாதிரி நடத்தினால் அதைவிடக் கோபம் வரும். இதில் குழம்பிப்போய் வாயையே திறக்காமல் நிற்பவர்கள் அதிகம். நாங்கள் கொடுக்கும் விதி எளிது: சந்தேகம் வந்தால் உறவுமுறை எதுவும் வேண்டாம், பேச்சின் முடிவில் ‘ங்க’ சேர்த்துவிடுங்கள். “கொஞ்சம் சொல்றீங்களா?”, “இது எங்கே போகுதுங்க?” தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இது தாங்கும்.

இவற்றை வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தால் போதுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் பதில் சொல்லியிருக்கின்றன. 2017-இல் கேட்ஸ், காங், லெர்னர் ஆகிய மூவர், ஆட்டிசம் உள்ள இளம் வயதினருக்கான குழுப் பயிற்சிகளைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் தங்களிடம் முன்னேற்றம் உண்டு என்றார்கள். உள்ளே நுழைந்து பார்த்தால், என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு இப்போது தெரிகிறது. அதைச் செய்கிறார்களா என்பதில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. பெற்றோருக்கு ஓரளவு மாற்றம் தெரிந்தது. ஆசிரியர்கள் கண்ணில் மாற்றம் படவில்லை. அறிந்ததற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கடக்க வகுப்பறை உதவாது. அதற்குத் தெருவில் இறங்க வேண்டும்.

தெருவில் இறங்குவது என்றால் எப்படி என்று பேருந்துப் பயணத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் நாட்களில் பயிற்சியாளர் அவர் பக்கத்திலேயே உட்காருவார். அடுத்த கட்டத்தில் நான்கு இருக்கை தள்ளி. பிறகு அதே பேருந்தில் பின்வாசல் ஓரம். பிறகு அடுத்த பேருந்தில் வருவார். பிறகு இறங்கும் நிறுத்தத்தில் காத்திருப்பார். கடைசியில் ஒரு குறுஞ்செய்தி மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று கெடும். பேருந்து வேறு தடத்தில் திரும்பும். சில்லறை இல்லை என்று நடத்துநர் சத்தம் போடுவார். ஆரன் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்காரும்படி ஆகும். அப்படிக் கெடும் நாட்களில்தான் பயிற்சி நடக்கிறது. எல்லாம் சரியாகப் போன பயணத்தில் அவர் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், ஓர் இளைஞருக்கு மாதக் கணக்கில் ஒரு மனிதரின் நேரம் வேண்டும். நன்கொடையாளர்கள் கட்டடத்துக்குப் பணம் தருகிறார்கள். பேருந்தில் பின்சீட்டில் உட்காரும் மனிதருக்குச் சம்பளம் தர எவரும் முன்வருவதில்லை. இந்த மேடையில் இதைச் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வேன்?

இப்போது ‘வேண்டாம்’ என்ற இடத்துக்கு வருகிறேன். மளிகைக் கடையில் மீதி இரண்டு ரூபாய்க்குப் பதிலாக மிட்டாயை எடுத்து நீட்டுவார்கள். “மிட்டாய் வேண்டாங்க, இரண்டு ரூபாய் கொடுங்க” என்று சொல்ல வைப்பதுதான் எங்கள் முதல் பயிற்சி. கேட்க மிகச் சிறியதாக இருக்கும். அதைச் சொல்லும்போது சிலருக்குக் கை நடுங்கும், வேர்க்கும். பெரியவர் கொடுத்ததை மறுப்பது அவர்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நன்றாக யோசித்துப் பாருங்கள். இரண்டு வயதிலிருந்து இந்தப் பிள்ளைக்கு நடந்த பயிற்சி அனைத்தும் சொன்னதைச் செய்யும் பயிற்சி. உட்கார் என்றால் உட்கார், தொடு என்றால் தொடு, செய்தால் பரிசு. இருபது ஆண்டு அப்படிப் பழக்கிவிட்டு, ஒரு நாள் முன்பின் தெரியாதவர் “உன் போனைக் கொடு, ஓடிபி சொல்லு” என்று கேட்கும்போது மட்டும் மறுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அது எப்படி முடியும்?

ஆபத்து கற்பனை இல்லை. நண்பன் என்று சொல்லிக்கொண்டு சம்பள நாளன்று மட்டும் வரும் கூட்டாளி, இவர் பெயரில் செயலியில் கடன் எடுத்துக்கொள்ளும் உறவினர், தொடக்கூடாத இடத்தில் தொட்டுவிட்டு யாரிடமும் சொல்லாதே என்பவர். எங்களிடம் வந்த பெற்றோர் சொன்னவற்றில் வெளியில் சொல்லக்கூடியவை இவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களிடம் பணிவான பிள்ளைதான் முதலில் அகப்படுகிறது.

ஆகவே மறுப்பைப் பல வகையாகப் பழக்குகிறோம். நேராக மறுப்பது ஒன்று. தள்ளிப்போடுவது ஒன்று: “யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்.” பணம், கையெழுத்து, ஆவணம் பற்றி யார் எது கேட்டாலும் இந்த ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும், கேட்பவர் சொந்த அண்ணனாக இருந்தாலும். பதிலே சொல்லாமல் விடுவது இன்னொன்று. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எங்கே வேலை, எங்கே வீடு, தனியாவா வர்றே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை எதுவும் கிடையாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இது மிகக் கடினம். கேட்ட கேள்விக்கு உண்மை சொல்வது அவர்களுக்கு மூச்சு விடுவது போல. சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று அவர்களுக்கு விளங்க வைக்கச் சில மாதங்கள் ஆகும். எழுந்து போவதும் ஒரு மறுப்புதான். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளச் சத்தம் தாங்காவிட்டால் வெளியே போய் நிற்கலாம். அத்தை கட்டிப்பிடிக்க வந்தால் கைகூப்பிவிட்டு ஓர் அடி பின்னால் போகலாம்.

இங்கேதான் பெற்றோரோடு எங்களுக்கு உரசல் வரும். மறுக்கப் பழகும் பிள்ளை அதைக் கடைக்காரரிடம் மட்டும் காட்டமாட்டார். முதலில் வீட்டில்தான் காட்டுவார். போட்டு வைத்த மூன்றாவது தோசையை வேண்டாம் என்பார். அப்பா எடுத்துவைத்த சட்டையைப் போடமாட்டேன் என்பார். சித்தி வீட்டுக்கு வரமாட்டேன் என்பார். “நல்லா இருந்த பையன் எதிர்த்துப் பேசறான், இதுக்குத்தான் அனுப்பினோமா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் முகத்தில் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. இருபது ஆண்டு உயிரைக் கொடுத்து வளர்த்தவர்கள். ஆனாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஆமாம், இதற்குத்தான் அனுப்பினீர்கள். உங்களிடம் மறுத்துப் பழகாதவர் வேறு எவரிடமும் மறுக்கமாட்டார். உங்களிடம் மறுத்தால் நீங்கள் அவரைக் கைவிடமாட்டீர்கள். அந்த நிச்சயம் இருக்கும் இடத்தில்தான் இதைப் பழக முடியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிறர் சொல்லும் மறுப்பைக் கேட்கவும் தெரிய வேண்டும். ஆண் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். உடன் வேலை பார்க்கும் பெண் சிரித்துப் பேசினார் என்பதற்காக ஒரே மாலையில் முப்பது தடவை அழைத்தவர் மீது புகார் வரும்; வேலை போகும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எடுக்காத அழைப்பும் ஒரு பதில்தான் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. ‘பியர்ஸ்’ பாடத்தில் இதற்குத் தெளிவான எண்ணிக்கை இருக்கிறது: பதில் வராவிட்டால் இரண்டு செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது. மனத்தில் ஆசை வருவது, அதைச் சொல்வது, மறுத்தால் விலகுவது என்று இளைஞர்களுக்கான பாடத்தில் காதலுக்கே தனி வாரங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் வீடுகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. “அவனுக்கு அதெல்லாம் தெரியாதுங்க” என்பார்கள். 24 வயது ஆண்மகனுக்கு என்ன தெரியாது? அவருக்கும் சினிமா சொல்லித்தருகிறது. மறுத்தாலும் விடாமல் துரத்தினால்தான் காதல் கைகூடும் என்று தமிழ் சினிமா பல காலம் சொல்லித்தந்திருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் மனம் அதையும் விதியாக எடுத்துக்கொள்கிறது. நாம் பேசாத இடத்தைச் சினிமா நிரப்பிக்கொள்கிறது.

பயிற்சி தவறான வழியில் போனால் ஏற்படும் தீங்கையும் சொல்ல வேண்டும். மற்றவர்களைப் போலத் தெரிய வேண்டும் என்று நாள் முழுவதும் தன்னை மறைத்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். கையை ஆட்டத் தோன்றும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்வது, கண்ணைப் பார்ப்பது வேதனையாக இருந்தாலும் புருவத்தைப் பார்த்து ஒப்பேற்றுவது, பேச வேண்டியதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்வது. 2017-இல் லாரா ஹல்லும் அவர் குழுவினரும் இப்படி வாழ்பவர்களிடம் கேட்டபோது, அதன் விலை அளவற்ற களைப்பு என்றார்கள். தான் யார் என்பதே மறந்துபோகிறது என்றார்கள். மறுஆண்டு சாரா காசிடி குழுவினர் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், இந்த மறைப்பு தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடைய காரணிகளில் ஒன்றாக வந்து நின்றது. பெண்களில் பலர் நன்றாக மறைத்துக்கொள்வதால் ஆட்டிசம் இருப்பதே கண்டறியப்படாமல் போகிறது. “உங்க பொண்ணைப் பார்த்தா தெரியவே இல்லையே!” என்று பாராட்டுவதாக நினைத்துச் சொல்கிறோம். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் படுத்துக்கிடப்பது நமக்குத் தெரிவதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசும் பயிற்சியை நான் கொடுப்பதில்லை. கேட்கிறேன் என்று எதிராளிக்குத் தெரிந்தால் போதும். அதைத் தலையசைத்துக் காட்டலாம். “ம்” என்று சொல்லியும் காட்டலாம்.

இன்னொரு பெரிய கேள்வி, பயிற்சி யாருக்கு என்பது. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தோம். 2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் இதைத் திருப்பிக் கேட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்கிறீர்கள், உங்களுக்கு எங்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறை ஒரு பக்கம் மட்டும் எப்படி வரும்? 2020-இல் எடின்பரோவில் காத்தரின் கிராம்ப்டனும் மற்றவர்களும் இதைச் சோதித்தார்கள். எட்டெட்டுப் பேராக வரிசைகள் அமைத்து ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு ஒரு கதையைக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை மற்றவர்கள் வரிசையில் போன அளவுக்கே முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் மாறி மாறி நின்ற வரிசையில்தான் அதிகம் தேய்ந்தது. பின்னால் இன்னும் பெரிய குழுக்களோடு நடந்த சோதனையில் கலந்த வரிசைகள் அப்படிப் பின்தங்கவில்லை. ஆகவே அந்தப் பகுதியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் நன்றாகவே சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது நிற்கிறது.

நோவா சாசன் குழுவினரின் 2017 ஆய்வு நம்மை இன்னும் சுடுகிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடிக் காணொளியைப் பார்த்தவர்கள், இவரோடு பழக விருப்பமில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் அவர்கள் சொன்னதில்லை. குரலும் முகமும் உடலசைவும்தான். அப்படியானால் யாருக்குப் பயிற்சி வேண்டும்?

அந்தக் கேள்விக்கு நடைமுறையில் பதில் சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார். தார்கில் சோன்னே தம் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின் 2004-இல் ‘ஸ்பெஷலிஸ்டர்ன’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வேலைக்கு எடுப்பதற்கு நேர்காணல் நடத்துவதை விட்டார். நேர்காணல் என்பதே பழகும் திறனைச் சோதிப்பதுதானே? அதற்குப் பதிலாக லெகோ ரோபோக்களைக் கொடுத்து வேலை செய்ய வைத்துத் திறமையைக் கண்டறிந்தார். நாங்கள் இங்கே ஒரு இளைஞரை வேலைக்கு அனுப்பும்போது, அவரோடு வேலை பார்க்கப் போகிறவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறோம். வேலையைச் சொல்லும்போது எழுதிக் கொடுங்கள். “சீக்கிரம் முடி” என்று சொல்லாமல் 3 மணிக்குள் என்று சொல்லுங்கள். தவறு செய்தால் தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொல்லுங்கள். குத்திக் காட்டிப் பேசினால் அவருக்குப் புரியாது. மதியச் சாப்பாட்டை அவர் தனியே சாப்பிட விரும்பினால் விடுங்கள், அது கர்வம் கிடையாது. இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, “எங்களுக்கும் இப்படிச் சொன்னா நல்லா இருக்குமே மேடம்” என்று மற்ற ஊழியர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஓர் ஊரே இதைச் செய்த கதையும் இருக்கிறது. ஆட்டிசத்தைப் பற்றி லியோ கானர் 1943-இல் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள் இடம்பெற்றார்கள். அவர்களில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். சிறு வயதில் மருத்துவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு விடுதியில் விட்டிருந்தார்கள்; பெற்றோரே மனம் மாறித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பண்ணைத் தம்பதியிடம் சில காலம் இருந்தார். எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவர்கள் அவரைக் கிணறு வெட்ட வைத்து ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினார். உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். 1971-இல் கானரே இதை எழுதியிருக்கிறார். டொனால்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், ஊர் வங்கியில் வேலை பார்த்தார், தனியாக உலகம் சுற்றினார், கோல்ஃப் ஆடினார். சக ஊர்க்காரர்களுக்கு எண்களைப் பெயராக வைத்து, அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. 2010-இல் அவரைப் பற்றி எழுதிய ஜான் டொன்வன், கேரன் ஸக்கர் என்ற இரு பத்திரிகையாளர்கள் அவரைத் தேடிப் போனபோது, அவருக்கு ஏதாவது தீங்கு செய்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்தார்களாம். 2023-இல் 89 வயதில் காலமானார்.

அவர் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், வங்கியே அவர் குடும்பத்தோடு தொடர்புடையது என்பதை மறைக்கக் கூடாது. அந்த வசதி நம் இளைஞர்களில் மிகச் சிலருக்குத்தான் உண்டு. பணத்தால் வாங்கியதும் ஊர் தானாகக் கொடுத்ததும் அவர் வாழ்க்கையில் கலந்திருக்கின்றன. ஊர் கொடுத்த பங்கை நாமும் கொடுக்கலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. வசதி கொடுத்த பங்கை அரசும் அறக்கட்டளைகளும் கொடுக்க வேண்டும்.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் இருக்கின்றன. ஏடிஹெச்டி பெயர் இல்லை, அந்த இளைஞர்கள் சான்றிதழ் இல்லாமல் அலைகிறார்கள். அதே சட்டம், மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. பாதுகாவலர் என்றாலும் அவரும் இவரும் சேர்ந்து முடிவெடுப்பதே முறை என்கிறது. ஆனால் நடப்பில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதானதும் மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று வாங்குவதையே பெற்றோர் முதல் வேலையாக நினைக்கிறார்கள். வங்கி கேட்கிறது, வாங்காமல் வேறு வழியில்லை என்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், அது எதற்காக என்பதை அந்த இளைஞருக்குப் புரியும்படி படம் வரைந்தோ பேசியோ விளக்குங்கள். எந்தெந்த முடிவை அவரே எடுக்கப்போகிறார் என்று ஒரு தாளில் எழுதி அவர் அறையில் ஒட்டுங்கள். கைச்செலவுப் பணம், உடை, யாரோடு நட்பு, எப்போது தனியாக இருப்பது. பட்டியல் சிறியதாகத் தொடங்கட்டும், ஆண்டுக்கு ஆண்டு நீளட்டும்.

தம் மகனின் பெயரில் இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டு இளைஞர்களுக்கென்று ஒரு பாடத்திட்டம் இன்னும் நம்மிடம் முழுமையாக இல்லை. மிட்டாயை மறுப்பதிலிருந்து மாமாவின் சம்பளக் கேள்வி வரை, பேருந்திலிருந்து பத்திரப்பதிவு அலுவலகம் வரை, இங்கே உள்ளபடி எழுத வேண்டும். முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் படித்து வெளிவரும் சிறப்பு ஆசிரியர்களுக்கும் அது கையில் கிடைக்க வேண்டும். அதை எழுதும் குழுவில் பாதிப் பேராவது ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ உள்ளவர்களாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் எது வலித்தது, எந்த விதி வேலைக்கு ஆகவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கருத்துக் கேட்டுவிட்டு டீ கொடுத்து அனுப்பும் வழக்கம் போதும். அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், வங்கிக் கணக்கு அவர்கள் பெயரில் இருக்கட்டும். முதல் ஆண்டில் பணம் பற்றாவிட்டால் புத்தகம் அச்சிடுவதைத் தள்ளிப்போடலாம். சம்பளத்தைத் தள்ளிப்போடக் கூடாது.